நாற்பத்தொன்றுக்கு வைத்த தட்டு

என் அப்பாவுக்கு இரண்டு முறை சாவுச் சடங்கு நடந்தது. முதல் முறை அவருக்கு வயது எட்டு. இரண்டாம் முறை எழுபத்தொன்று. இரண்டாவது முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. கேட்டதும் பார்த்ததும் கலங்கிப்போவதற்குள் எழுதிவைக்கிறேன்.

பெயர் நார்பர்ட் ஹல்கெட். மீன்கொத்தி ஏரிக்காரர். கனடாவின் வடக்கே வாழும் கிரீ பழங்குடி ஆள். குளிர்காலத்தில் பனிக்கு அடியில் வலை போட்டு வெள்ளைமீன் பிடித்தார். கோடையில் காட்டுத்தீ அணைக்கும் குழுவில் பம்பு ஓட்டினார். இரண்டு வேலையிலும் அவரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வலை கிழியாமல் வந்தது, பம்பு நிற்காமல் ஓடியது.

1955 செப்டம்பரில் அரசாங்க விமானம் ஏரியில் இறங்கிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. தெற்கே இருநூறு மைல் தள்ளி, தேவாலயம் நடத்திய விடுதிப் பள்ளி. அங்கே பிள்ளைகளுக்கு எண் உண்டு. அப்பா நாற்பத்தொன்று. கட்டில், துண்டு, தட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன உடுப்பு, எல்லாவற்றிலும் அந்த எண்ணைப் பொறித்தார்கள் அல்லது தைத்தார்கள்.

மறு ஆண்டு பிப்ரவரி கடைசியில் ஒரு கடிதம் வந்தது. பாதிரியார் படித்துக் காட்டினார். எண் நாற்பத்தொன்று, நார்பர்ட், காசநோய், பிப்ரவரி ஒன்பது, மருத்துவமனை வளாகத்தில் அடக்கம். நான்கு வரி. கீழே கையெழுத்து.

அப்பாவின் அம்மா மரியான் தன் இரண்டு பின்னலையும் அறுத்தார். நான்கு நாள் தட்டு வைத்தார்கள். எங்கள் வழக்கம் அது. போனவருக்குப் பிடித்ததைச் சமைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தட்டோடு நெருப்பில் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அவர் போகிற வழி முழுக்கப் பசியோடு போவார். பிறகு அவருடைய பொருள்களை ஊருக்குக் கொடுத்துவிட வேண்டும். ஒன்றும் வீட்டில் இருக்கக் கூடாது. கொடுத்ததைத் திரும்பக் கேட்கவும் கூடாது. அப்பாவின் சின்னத் துப்பாக்கி, பனிக்காலணி, மேல்கோட்டு, அவர் வளர்த்த நாய்க்குட்டி எல்லாம் போயின. துப்பாக்கியும் குட்டியும் அத்தை மகன் ஜெர்வேக்கு.

ஜூனில் விமானம் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கியது. ஏழாவதாக இறங்கியது என் அப்பா.

துறையில் யாரும் நகரவில்லையாம். ஜெர்வேயின் தம்பி அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். குட்டி மட்டும் ஓடிவந்தது. மரியான் ஒரு மீன் துண்டை எடுத்து மகன் முன்னால் நீட்டினார்.

"தின்னு."

"அம்மா, உன் முடிக்கு என்ன ஆச்சு?"

"மொதல்ல தின்னு. நான் பாக்கறேன்."

செத்தவர்கள் சாப்பாட்டின் ஆவியை மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள், மெல்ல மாட்டார்கள். அப்பா மென்றார். முள்ளைத் துப்பினார். அந்த முள்ளைப் பார்த்த பிறகுதான் மரியான் அவரைத் தொட்டார்.

அதே ஆண்டு செப்டம்பரில் விமானம் மறுபடியும் வந்தது. அதிகாரி கையில் பட்டியல் இருந்தது. தாத்தா சேவியர் வீட்டு வாசலில் நின்று பதில் சொன்னார். அப்பா பதினைந்து அடி தள்ளி, கவிழ்த்துப்போட்ட படகுக்கு அடியில் படுத்திருந்தார்.

"நார்பர்ட் எங்க?"

"செத்துட்டான்."

"பட்டியல்ல பேர் இருக்கே."

"உங்க பட்டியல் எப்படியோ, அய்யா. உங்க கடுதாசி எங்கிட்ட இருக்கு. இந்தாங்க. கையெழுத்து உங்க ஆளுங்களோடதுதானே?"

அதிகாரி படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அந்த நேரத்தில் படகுக்கு அடியிலிருந்து ஒரு வால் வெளியே நீண்டு ஆடத் தொடங்கியது. குட்டி அப்பாவைத் தேடி உள்ளே புகுந்திருந்தது. ஜெர்வேயின் அம்மா முகம் மாறாமல் போய்ப் படகின் மேல் உட்கார்ந்து பாவாடையைப் பரப்பிக்கொண்டார். அந்தக் காலத்திலேயே எண்பத்தைந்து கிலோ. படகு முதுகில் அழுந்திய இடம் மழைக்காலத்தில் இன்னமும் வலிக்கிறது என்று அப்பா சொல்வார்.

அப்படித்தான் அவர் பள்ளிக்குத் திரும்பிப் போகாமல் தப்பினார். அரசாங்கத்துக்கு அவர் செத்தவர். ஊரும் அதைக் காப்பாற்றியது. அதிகாரிகள் தலை எண்ண வந்தால், "இதுவா? அக்கரைச் சொந்தம், விருந்துக்கு வந்திருக்கு" என்பார்கள். அவர்கள் போனதும் கேலி தொடங்கும்.

"மறைந்த நார்பர்ட் வர்றாரு, வழி விடுங்கப்பா."

"செத்தவனுக்கு என்னடா அவசரம், வரிசையில நில்லு."

திருமணத்துக்குப் போனபோது பாதிரியார் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, மாப்பிள்ளை இறந்துவிட்டதாக எழுதியிருக்கிறது என்றார். என் அம்மா யூலாலி, "தெரிஞ்சுதான் கட்டிக்கறேன், சாமி. சமையல் மிச்சம்" என்றாராம். பதிவேட்டைத் திருத்த மூன்று மாதம் பிடித்தது.

துப்பாக்கியை அவர் திரும்பக் கேட்கவில்லை. வேட்டைக்குப் போகும்போதெல்லாம் ஜெர்வேயிடம் இரவல் வாங்கி, எண்ணெய் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். நாய்க்குட்டி தினமும் அப்பாவிடம் ஓடிவரும். மாலையில் கயிறு கட்டி ஜெர்வே வீட்டில் விட்டுவிட்டு வருவார். மறுநாள் மறுபடியும் வரும். அது கிழமாகிச் சாகும்வரை இப்படியே.

நான் சின்னவளாக இருந்தபோது இதெல்லாம் எனக்கு வேடிக்கைக் கதை. ஒன்று மட்டும் பிடிபடவில்லை. பிப்ரவரி ஒன்பதாம் தேதி அவர் சாப்பிட மாட்டார். அம்மாவைக் கேட்டால், "அவரு செத்த நாளு, விரதம் இருக்காரு" என்று அதையும் சிரிப்பாக்கிவிடுவார்.

கடிதம் பொய் என்றால் அதில் செத்தது யார் என்று நான் கேட்டதில்லை. ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

இந்த ஜனவரியில் டாக்டர் அப்பாவின் இதயம் இருபது சதவீதம்தான் வேலை செய்கிறது என்றார். நான் ஊரின் குடிநீர் நிலையத்தை நடத்துகிறேன். பம்பு இருபது சதவீதத்தில் ஓடினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து டீ போட்டேன். அவர் தொலைக்காட்சியில் ஹாக்கி பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பொண்ணு, நான் போனா எனக்குத் தட்டு வெக்காத."

"என்னப்பா பேசற?"

"எனக்கு வெச்சாச்சு. எட்டு வயசுல. அது இன்னொருத்தன் தட்டு. அவன் வீட்டு ஆளுங்களுக்குத் தெரியாமலே நாங்க எடுத்துக்கிட்டோம். அவங்களுக்குத் தெரியற வரைக்கும் எனக்கு ரெண்டாவது வேண்டாம்."

"தெரியாமலே போயிடுச்சுன்னா?"

"அப்ப வெக்காத. அவ்வளவுதான்."

நான் ஒரே பிள்ளை. அம்மா போய் ஒன்பது ஆண்டு ஆகிறது, அவர் நினைவு நாளில் ஒரு வருடம்கூடத் தவறாமல் தட்டு வைக்கிறேன். அப்பாவை மட்டும் வெறும் வயிற்றோடு அனுப்ப என்னால் முடியாது. அவர் சொல்லை மீறவும் முடியாது. விளையாட்டில் கோல் விழுந்தது. இரண்டு பேரும் பார்க்கவில்லை.

மீதியை அவர் ஒரு வாரத்தில் துண்டு துண்டாகச் சொன்னார்.

அடுத்த கட்டிலில் ஐம்பத்தெட்டு என்று ஒரு சிறுவன். அவனை வீட்டில் நீரெலி என்று கூப்பிடுவார்களாம். பள்ளியில் கிரீயில் பேசினால் வார் அடி. விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் பேசுவார்கள். நிஜப் பெயரை அப்பா மறந்துவிட்டார், அல்லது அவன் சொல்லவே இல்லை. அப்பாவிடம் மரியான் பின்னிக் கொடுத்த தடித்த ஸ்வெட்டர் ஒன்று இருந்தது, நெஞ்சில் நாற்பத்தொன்று தைத்தது. நீரெலிக்குக் குளிர் தாங்கவில்லை. அவனிடம் இரண்டு ஆப்பிள் இருந்தது. மாற்றிக்கொண்டார்கள். அதற்கு அடுத்த வாரம் நீரெலிக்குக் காய்ச்சல் முற்றி, அந்த ஸ்வெட்டரோடேயே தூக்கிக்கொண்டு போனார்கள். மருத்துவமனைக்காரர்கள் சட்டையில் இருந்த எண்ணைப் பார்த்து எழுதினார்கள். பள்ளியிலிருந்து அந்த எண்ணின் வீட்டுக்குக் கடிதம் போனது.

சில நாள் கழித்துக் காலை வரிசையில் கண்காணிப்பாளர் நாற்பத்தொன்று உயிரோடு நிற்பதைப் பார்த்தார். புத்தகத்தில் ஒரு கோடு அடித்தார். வேறு கடிதம் எழுதவில்லை. அந்த வாரம் இரண்டு பேர் பள்ளியிலிருந்து ஓடியிருந்தார்கள். அவர்களோடு ஐம்பத்தெட்டையும் சேர்த்து, 'ஓடிப்போனான்' என்று வாசித்தார்.

"நீ சொல்லலையா, அப்பா?"

"யார்கிட்ட? வாயத் தொறந்தா எந்த மொழியில வருதுன்னு பாத்து அடிப்பாங்க. அப்புறம் வீட்டுக்கு வந்து எங்கப்பாகிட்ட சொன்னேன். 'சொன்னா உன்னத் திரும்பப் புடிச்சிட்டுப் போயிடுவாங்க'ன்னாரு. நானும் வாய மூடிக்கிட்டேன்."

அவன் ஊர் எது என்று கேட்டேன். தெரியாது என்றார். ஒன்று மட்டும் நினைவிருந்தது. நீரெலி பெருமையாகச் சொல்வானாம்: எங்கள் வீட்டு முன்னால் எந்தக் குளிரிலும் தண்ணீரைப் பனி மூடாது, நடுக் குளிரில்கூட வாத்து நீந்தும்.

இது என் வேலைக்குள் வருகிற விஷயம். வேகமாக ஓடி, மூடாமல் கிடக்கும் தண்ணீரில் கடும் குளிரின்போது கூழ்ப்பனி உண்டாகும். அது நீர் எடுக்கும் குழாயின் வலையை அடைத்துவிடும். எங்கள் ஏரி முழுக்க மூடிவிடுவதால் எனக்கு அந்தத் தொல்லை இல்லை. வடக்கில் இருக்கும் குடிநீர் நிலையக்காரர்கள் புதன்தோறும் காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் கூடிப் பேசுவோம். குளிர்காலம் முழுக்கக் கூழ்ப்பனி என்று புலம்புகிறவர்கள் மூன்றே பேர். மூன்று பேர், மூன்று ஊர்.

அந்தப் புதன்கிழமை அளவுகளைப் படித்து முடித்ததும், ஒரு நிமிடம் இருங்கள் என்றேன்.

"என்ன லோரெட்டா, குளோரின் கூடிப்போச்சா? மூக்கால பேசற" என்றான் ஒருவன்.

"சளி. கேளுங்க."

கேட்டேன். 1955ல் போன பையன், ஓடிப்போனான் என்று சொல்லப்பட்டவன், வீட்டுப் பெயர் நீரெலி. இரண்டு பேர் விசாரிக்கிறோம் என்றார்கள். மூன்றாவது ஆள் கல்லருவி க்ளெமென்ட். அவன் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை கூப்பிட்டான்.

"அக்கா, எங்க பெரியம்மா டெல்ஃபினோட தம்பி. இசிடோர். வீட்ல நீரெலின்னுதான் கூப்பிடுவாங்களாம். எனக்கே தெரியாது. வீட்ல அவரப் பத்திப் பேச மாட்டாங்க."

"தட்டு வெச்சாங்களா அவருக்கு?"

"எப்படி வெப்பாங்க? ஓடிப்போனான்னுதானே சொன்னாங்க. உயிரோட இருக்கறவனுக்கு வெச்சா உயிரு போயிடுமே. யாருக்கும் தைரியம் வரல."

எங்கள் பக்கத்திலும் அதே பயம்தான். அப்பாவுக்கு அப்படி வைத்துவிட்டோமே என்று மரியான் சாகும்வரை நடுங்கினார். மகனுக்குத் தும்மல் வந்தால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

"பெரியம்மா வரணுங்கறாங்க" என்றான் க்ளெமென்ட். "ஃபோன்ல எதுவும் சொல்ல வேண்டாமாம். அந்த ஆளு மூஞ்சியப் பாக்கணுமாம்."

உறைந்த ஏரிகளின் மேல் போகும் பனிச்சாலை மார்ச் இருபதாம் தேதி மூடுவதாக இருந்தது. அவர்கள் பதினான்காம் தேதி வந்தார்கள். நாலரை மணி நேரப் பயணம். டெல்ஃபினுக்கு எழுபத்தெட்டு வயது.

அன்று அப்பா காலையிலேயே முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்துவிட்டார். மூக்கிலிருந்து ஆக்சிஜன் குழாயைக் கழற்றினார். நான் மாட்டினேன். மறுபடியும் கழற்றினார்.

"பாவம்னு பாத்து விட்டுடக் கூடாது பாரு" என்றார்.

"மூச்சு வாங்கிட்டே பேசினா மட்டும் பாவமாத் தெரியாதா?"

மாட்டிக்கொண்டார்.

டெல்ஃபின் குள்ளம். உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றாமல் நின்றார். பின்னால் க்ளெமென்ட், தொப்பி கையில்.

"நீதான் நாப்பத்தொண்ணா?"

"ஆமா."

"சொல்லு."

அப்பா சொன்னார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். அவர் அத்தனை நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. விமானம் வந்ததும் தாத்தா கடிதத்தைக் காட்டியதையும் சொன்னார். ஊரே வாயை மூடிக்கொண்டதையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. டெல்ஃபின் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா முப்பத்தோரு வருஷம் தேடினா" என்றார். "ஐஸ் உடையற ஒவ்வொரு வசந்தத்துலயும் கரையோரமா நடப்பா. கந்தல் ஒண்ணு கெடந்தா எடுத்து விரிச்சுப் பாப்பா. எலும்பு கெடந்தா மான் எலும்பான்னு எங்கப்பாகிட்ட கொண்டுவந்து காட்டுவா. உன்னால ஒரு கடுதாசி போட முடியலையா?"

"போட்டிருக்கலாம்."

"ஏன் போடல?"

"சின்ன வயசுல, புடிச்சிட்டுப் போயிடுவாங்கன்னு பயம். பெரியவனான அப்புறம் உங்கள நெனச்சு பயம்."

"எங்கள நெனச்சா? நாங்க என்ன பண்ணிடுவோம் உன்ன?"

"நான்தான் கொன்னேன்னு சொல்லுவீங்க." என்றார் அப்பா. "நாப்பத்தொண்ணுக்கு வந்த சாவு அது. என் சட்டையப் போட்டிருந்ததால அவனத் தூக்கிட்டுப் போச்சு. அப்படித்தான் எட்டு வயசுல நெனச்சேன். இன்னிக்கும் அதேதான் நெனைக்கறேன்."

எனக்கு இது புதிது. விரதத்தின் காரணம் இதுதான் என்று அப்போது தெரிந்தது. க்ளெமென்ட் கூரையைப் பார்த்தான். குளிர்சாதனப் பெட்டி ஓடி நின்றது.

"அந்த ஸ்வெட்டருக்கு என்ன வாங்கின?"

"ரெண்டு ஆப்பிள்."

"ஆப்பிளா?" டெல்ஃபினின் முகம் மாறியது. "அவன் ஆப்பிளே திங்க மாட்டான். பல்லு கூசுதும்பான். வேண்டாதத உன் தலையில கட்டிட்டு ஸ்வெட்டர அடிச்சிட்டுப் போயிருக்கான்."

க்ளெமென்ட் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினான்.

"சிரிடா. எங்க வீட்ல அவன்தான் வியாபாரி. என்கிட்ட இருந்தே எத்தன ரிப்பன் ஏமாத்தி வாங்கினான் தெரியுமா, நாய்க்குக் கட்டறதுக்கு." அவர் அப்பா பக்கம் திரும்பினார். "கேளு, தம்பி. அந்தக் குளிர்ல நான் எங்க இருந்தேன்னு நெனக்கற? வேற ஊர்ல, காசநோய் ஆஸ்பத்திரியில. ரெண்டு வருஷம் படுத்திருந்தேன். எங்கப்பா இருமினாரு. கைக்குழந்தை இருமிச்சு. செப்டம்பர்ல பிளேன்ல ஏறும்போதே இவனும் இருமிட்டேதான் ஏறினான். ஒல்லியா, ராத்திரியெல்லாம் வேர்த்துக்கிட்டு. நான் பக்கத்துல படுத்தவ, எனக்குத் தெரியாதா? உன் ஸ்வெட்டரா இருமிச்சு?"

அப்பா இதை எதிர்பார்த்திருக்கவில்லை. திட்டு வாங்கத்தான் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார்.

"தடியா இருந்துச்சா?" என்றார் டெல்ஃபின்.

"எது?"

"ஸ்வெட்டர்."

"ரொம்பத் தடி. எங்கம்மா ரெட்ட நூல்ல பின்னினது. முட்டி வரைக்கும் வரும்."

"அப்ப குளிரல அவனுக்கு."

"குளிரல."

டெல்ஃபின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். டீ இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். பால் நிறையப் போடச் சொன்னார்.

மரியான் பெட்டியில் வைத்திருந்த கடிதம் இப்போது என்னிடம் இருந்தது. எடுத்து வைத்தேன். டெல்ஃபின் அதைத் தொடாமல் க்ளெமென்ட்டைப் படிக்கச் சொன்னார். நான்கு வரி. மறுபடியும் படிக்கச் சொன்னார்.

"தேதி?"

"பிப்ரவரி ஒம்போது, பெரியம்மா."

"ஆஸ்பத்திரியில."

"ஆமா."

"படுக்கையில. பனியில இல்ல, தண்ணியில இல்ல."

"படுக்கையிலதான், பெரியம்மா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கண்ணில் நீர் வந்தது. துடைக்கவில்லை. அறுபத்து மூன்று ஆண்டுகளாக அந்த வீட்டில் ஒரு சிறுவன் பனியில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறான். அன்று மத்தியானம் நின்றான்.

பிறகு அப்பா தட்டைப் பற்றிச் சொன்னார். அதுதான் அவருக்குப் பெரிய பாரம்.

"அவனுக்கு வெக்க வேண்டியத எனக்குன்னு வெச்சாங்க. நாலு நாளு. அவன் வெறும் வயித்தோட போயிட்டான். எல்லாம் வீணாப் போச்சு."

"எப்படி வீணாப் போகும்?" டெல்ஃபின் கோப்பையை வைத்தார். "தட்டு நெருப்புல போச்சா இல்லையா?"

"போச்சு."

"அந்த நாலு நாளும் நீ வந்து தின்னியா?"

"நானா? நான் பள்ளிக்கூடத்துல புழுத்த கஞ்சி குடிச்சிட்டிருந்தேன்."

"அப்ப யாரு தின்னிருப்பா? உங்கம்மா நாப்பத்தொண்ண நெனச்சுக் கூப்பிட்டா. அந்த மாசம் நாப்பத்தொண்ணு போட்ட சட்டையோட அந்த வழியாப் போனவன் ஒருத்தன்தான். பசியில இருக்கற புள்ள, சோறு வாசன வருது, பேரு சரியான்னு கேட்டுட்டா நிப்பான்? அதுவும் எங்க வீட்டுப் பையன்? மொத ஆளா வந்து உக்காந்திருப்பான்."

அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா சாகும்போது, 'எம்புள்ள எங்கயோ பசியோட நிக்கறான்'னு சொல்லிட்டே செத்தா. நாங்க வெக்க முடியாதத உங்கம்மா வெச்சிருக்கா. என்ன சமைச்சாங்க, தெரியுமா?"

"சொல்லுவாங்க. வெள்ளைமீன். மூஸ் மான் மூக்கு வேக வெச்சது. ரொட்டி."

"ரொட்டி நல்லாப் பண்ணுவாங்களா?"

"அடி கருகிடும். எப்பவும்."

"பரவால்ல. எங்கம்மாவும் கருக்கற ஆளுதான். வித்தியாசம் தெரிஞ்சிருக்காது."

அப்பா சிரித்தார். மூச்சு வாங்கியது. குழாயைச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப எனக்கு?" என்று மெல்லக் கேட்டார்.

"உனக்கு என்ன? உனக்கு இன்னும் யாரும் வெக்கவே இல்லையே, தம்பி. உன்னோடது அப்படியே இருக்கு." டெல்ஃபின் என்னைக் கைகாட்டினார். "இவ நல்லா சமைப்பாளா?"

"சமைப்பா. உப்பு பத்தாது."

"பத்தும்" என்றேன் நான். அடுப்புப் பக்கம் திரும்பிச் சூப்பைச் சூடாக்கினேன்.

அப்பா இரண்டு கிண்ணம் குடித்தார். அந்தக் குளிர்காலத்தில் அவர் அப்படிச் சாப்பிட்டதே இல்லை. பிறகு நாற்காலியிலேயே தூங்கிவிட்டார், வாயைத் திறந்துகொண்டு. குறட்டையில் கரண்டி அதிர்ந்தது.

"செத்தவன்னு அரசாங்கமே நம்புச்சா இத?" என்றார் டெல்ஃபின். "இந்தச் சத்தத்தோட?"

இருட்டுமுன் சாலையைக் கடக்க வேண்டும் என்று இரண்டு மணிக்குக் கிளம்பினார்கள். அவர் அப்பாவை எழுப்பவில்லை. போகும்போது தூங்குகிறவரின் தோளில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

மன்னித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. வாசலில் என்னிடம், "எங்கம்மா கரையோரமா நடந்தத நான் மறக்க மாட்டேன்" என்றார். "ஆனா இன்னிக்குத் தூங்குவேன்." இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

அந்த மருத்துவமனை மூடப்பட்டு நாற்பது ஆண்டு ஆகிறது. வளாகத்தின் அடக்க வரைபடத்தை நகராட்சியில் கேட்டு வாங்கினேன். மூன்று வரிசை, பெயர் இல்லை, எண் மட்டும். இரண்டாம் வரிசையில் 41 இருக்கிறது. வேலி மூலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் அளந்து குறித்து க்ளெமென்ட்டுக்கு அனுப்பினேன். ஜூலையில் டெல்ஃபினை அழைத்துப் போகிறான். பெயர்ப் பலகையை அவனே செய்கிறான்.

அவர்கள் வந்துபோன பிறகு மிச்சமிருந்த நான்கு வாரமும் அப்பா வேறு ஆளாக இருந்தார். நீரெலியைப் பற்றி, கேட்காமலே, சாதாரணமாகப் பேசினார். அவன் கண்காணிப்பாளரின் நடையை அப்படியே நடந்து காட்டுவானாம். ஆப்பிளில் ஒன்று புளித்ததாம். ஒரு சிறுவன் எங்கள் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருப்பது போல இருந்தது. ஜெர்வே வந்தால் சீட்டாடினார், ஏமாற்றினார், கண்டுபிடித்தால், "செத்தவன்கிட்ட சண்டைக்கு வராத" என்றார். ஆக்சிஜன் அளவு குறைந்துகொண்டே வந்தது. தினமும் குறித்து வைத்தேன். அதை நிறுத்த என்னிடம் எந்த வால்வும் இல்லை.

ஏப்ரல் பதினோராம் தேதி காலை அவர் போனார். நான் நிலையத்தில் இருந்தேன், குளோரின் பார்க்கும் நேரம். ஜெர்வே ஃபோன் செய்தார். உடனே வா என்று மட்டும் சொன்னார். போனபோது கை இன்னும் சூடாக இருந்தது.

பனிச்சாலை மூடிவிட்டதால் கல்லருவியிலிருந்து யாராலும் வர முடியவில்லை. டெல்ஃபின் ஃபோனில் பேசினார். ஏற்கெனவே இசிடோருக்கு அவன் சொந்தப் பெயரில் தட்டு வைத்துவிட்டதாகச் சொன்னார். தயக்கமா, பயமா, ஒன்றுமே வரவில்லையாம். "இனி வருஷா வருஷம் ரெண்டு தட்டு வெப்பேன். உங்கப்பாவுக்கும் சேத்து" என்றார்.

நான் நான்கு நாளும் சமைத்துத் தட்டு வைத்தேன். வெள்ளைமீன், வாத்து, கொழுப்பு போட்ட ரொட்டி, பெர்ரிப் பழம் வேகவைத்தது, டின் பால் விட்ட டீ. உப்பை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். கடைசித் தட்டுக்கு, நான்காம் நாள் மத்தியானம், ஏரிக்கரையில் ஊர் கூடியது. ஜெர்வே நெருப்பைக் கிளறிவிட்டார்.

"சத்தமா கூப்பிடு, பொண்ணு. காது மந்தம் அவனுக்கு."

நார்பர்ட் ஹல்கெட் என்று சத்தமாகக் கூப்பிட்டேன். தட்டை வைத்தேன். மீனின் தோல் முதலில் சுருண்டது. பிறகு ரொட்டி பிடித்துக்கொண்டது. புகை எங்கும் ஒதுங்காமல் நேராக மேலே போனது. யாரோ மூக்கைச் சிந்தினார்கள், யாரோ ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

தட்டு முழுக்க எரியும்வரை நின்றேன். பிறகு மற்றவர்களோடு உட்கார்ந்து மீதி மீனைத் தின்றேன். ஜனவரிக்குப் பிறகு எனக்குப் பசித்தது அன்றுதான்.